சாவி யாரிடம்? – மறையாக்கத் தடைகளும் கூடிப் பேசிய குடிமக்களும்

1992 செப்டம்பர் மாதத்தில், அமெரிக்காவின் கலிபோர்னியா மாகாணத்து ஓக்லந்து நகரில் ஒரு வீட்டிலே ஏறத்தாழ இருபது பேர் கூடி உட்கார்ந்து உறைகளை மாற்றிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் ஒரு செய்தியை எழுதி ஓர் உறையிலிட்டு, அதை மற்றோர் உறையிலிட்டு, அதையும் வேறோர் உறையிலிட்டுப் பக்கத்திலிருப்பவரிடம் கொடுப்பார்; வாங்கியவர் மேலுறையை மட்டும் பிரித்து, உள்ளுறையில் யார் பெயர் இருக்கிறதோ அவரிடம் சேர்ப்பார்; இவ்வாறு கைமாறிக் கைமாறிச் செய்தி உரியவரிடம் போய்ச் சேரும்போது, அதை முதலில் எழுதியவர் இன்னார்தாம் என்று வாங்கியவரால் சொல்ல முடியாமற் போய்விடும். வீட்டுக்காரர் எரிக் ஹியூஸ் என்னும் கணித வல்லுநர். அவரோடு சேர்ந்து அக்கூட்டத்தைக் கூட்டியவர்கள், இன்டெல் நிறுவனத்தில் பௌதிக விஞ்ஞானியாயிருந்து இளவயதிலேயே ஓய்வு பெற்ற டிமதி மேயும், மென்பொருள் வல்லுநரான ஜான் கில்மோரும். கணினி வழியே செல்லும் கடிதங்களைச் சர்க்காரின் கண்ணுக்கும் வியாபாரியின் கண்ணுக்கும் எட்டாமல் அனுப்புவது எவ்வாறு என்பதையே அவர்கள் காகித உறைகளைக் கொண்டு ஒத்திகை பார்த்தார்கள்.

அந்த இருபது பேரும் அவர்களைப் போன்றவர்களும் எழுப்பிய கேள்வி இன்று உலகத்தின் எல்லாச் சட்டசபைகளையும் வந்து எட்டியிருக்கிறது. தனிமனிதன் தன் பேச்சையும் எழுத்தையும் பிறர் எவராலும் திறக்க முடியாதபடி பூட்டிக்கொள்ளலாமா? பூட்டலாமெனில், அப்பூட்டுக்கு ஒரு மாற்றுச் சாவி அரசாங்கத்தின் கையில் இருந்தாக வேண்டுமா? இக்கேள்வியின் சரித்திரத்தையும், இரு தரப்பு நியாயங்களையும், ஊருக்கு ஊர் சிறு அறைகளில் கூடிப் பேசிய குடிமக்களுக்கு அதிலிருந்த பங்கையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அரசின் உடைமையாயிருந்த கலை

இன்று மறையாக்கம் என்றும், ஆங்கிலச் சொல்லாலேயே என்கிரிப்ஷன் என்றும் வழங்கும் இக்கலை மிகப் பழமையானது. கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் ஒற்றர்கள் சங்கேத லிபியால் செய்தி அனுப்புவதைப் பேசுகிறது. வாத்ஸ்யாயனரோ அறுபத்து நான்கு கலைகளுள் மிலேச்சித விகல்பம் என்னும் மறைமொழிக் கலையையும் ஒன்றாக வைத்து எண்ணுகிறார். முன்னவர் அரசனுக்காகவும் பின்னவர் காதலருக்காகவும் சொன்ன இந்த ஒரே கலை, இருபதாம் நூற்றாண்டின் இரு மகா யுத்தங்களுக்குப் பிறகு ஏறக்குறைய முழுவதும் அரசாங்கங்களின் உடைமையாகிவிட்டது. அமெரிக்காவில் 1952-இல் தோன்றிய தேசியப் பாதுகாப்பு முகமை அக்கலையில் வல்லவர்களையெல்லாம் தன் மதிலுக்குள் சேர்த்துக்கொண்டது.

இதற்கு இயற்கையான காரணமும் ஒன்று இருந்தது. சங்கேதத்தில் எழுதுபவரும் படிப்பவரும் ஒரே சாவியை முன்கூட்டியே ரகசியமாகப் பகிர்ந்துகொண்டிருக்க வேண்டும். தூதுவர்களையும் காவலர்களையும் வைத்திருக்கும் சேனைகளுக்கும் தூதரகங்களுக்கும்தான் அது சாத்தியம். 1976-ஆம் ஆண்டில் விட்ஃபீல்ட் டிஃபியும் மார்ட்டின் ஹெல்மனும் வெளியிட்ட ஆராய்ச்சி இக்கட்டுப்பாட்டைத் தகர்த்தது. மறு ஆண்டிலேயே மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் ஆகிய மூவரும் அதைச் செயலுக்குக் கொண்டுவரும் கணித வழியைக் கண்டார்கள். அதன் கருத்து எளியது. ஒருவர் தம் பூட்டுகளைத் திறந்த நிலையிலேயே ஊரெங்கும் கொடுத்து வைக்கிறார். சாவியையோ, வீட்டுப் பெரியம்மா கொத்துச்சாவியை இடுப்பில் செருகிக்கொண்டிருப்பதுபோல, தம்மைவிட்டுப் பிரியாமல் வைத்துக்கொள்கிறார். அவருக்கு எழுத விரும்பும் எவரும் கடிதத்தைப் பெட்டியிலிட்டு அந்தப் பூட்டை அழுத்திவிட்டால் போதும். அதன்பின் பூட்டியவராலும் அதைத் திறக்க முடியாது. முன்பின் அறியாத இருவர் முதல்முறையாக ரகசியம் பேசிக்கொள்ளும் வழி இவ்வாறு பிறந்தது.

இதே கருத்தைப் பிரிட்டிஷ் அரசின் ரகசிய ஸ்தாபனமொன்றில் எல்லிஸ், காக்ஸ், வில்லியம்சன் என்னும் மூவர் 1970 முதல் 1974 வரையிலான ஆண்டுகளிலேயே கண்டுபிடித்திருந்தார்கள் என்பதும், 1997 டிசம்பர் பரியந்தம் அது வெளியுலகுக்குத் தெரிவிக்கப்படவில்லை என்பதும் நாம் சிந்திக்கத்தக்கவை. பூட்டிய அறைக்குள் பிறந்த அந்த ஞானம் உலகத்தாருக்கு யாதொரு பயனையும் தரவில்லை. வெளிச்சத்தில் பிறந்ததோ இன்று நாம் வங்கிப் பணம் அனுப்பும் ஒவ்வொரு முறையும் நமக்குத் துணை நிற்கிறது.

அதை வெளிச்சத்திற்குக் கொண்டுவருவது எளிதாயிருக்கவில்லை. 1977 ஆகஸ்டில் சயன்டிஃபிக் அமெரிக்கன் சஞ்சிகையில் மார்ட்டின் கார்ட்னர் இந்தப் புதுமுறையை விவரித்து, தபால்தலை ஒட்டிய சுயவிலாச உறை அனுப்புவோருக்கு ஆராய்ச்சிக் குறிப்பு கிடைக்கும் என்று எழுதியபோது, ஆயிரக்கணக்கான உறைகள் வந்து குவிந்தன. அதற்குச் சிறிது முன்னர், ஜூலையில், பாதுகாப்பு முகமையில் பணிபுரிந்த ஒருவர், இத்தகைய ஆராய்ச்சியை வெளியிடுவது ஆயுத ஏற்றுமதிச் சட்டத்தை மீறுவதாகலாம் என்று பொறியாளர் சங்கத்துக்குக் கடிதம் எழுதியிருந்தார். அவ்வாண்டு அக்டோபரில் இத்தாக்கா நகரில் நடந்த மகாநாட்டில், ஸ்டான்ஃபோர்ட் சர்வகலாசாலை வக்கீலின் ஆலோசனைப்படி, ஹெல்மனின் மாணவர்களான ரால்ஃப் மெர்க்கிளும் ஸ்டீவ் போலிக்கும் தாங்கள் எழுதிய கட்டுரைகளைத் தாங்களே வாசிக்காமல் மேடையில் மௌனமாக நின்றார்கள். வழக்கு வந்தால் நிரந்தர ஆசிரியருக்குச் சர்வகலாசாலை துணை நிற்க முடியும், மாணவருக்கு நிற்பது கடினம் என்பதால், அவர்களுக்காக ஹெல்மனே வாசித்தார். கணிதக் கட்டுரை வாசிக்க ஓர் ஆசிரியர் தம் மாணவருக்குக் கேடயமாக நிற்க நேர்ந்த அந்தக் காட்சியோடுதான், பின்னாளில் சங்கேத யுத்தம் என்று பெயர் பெற்ற நெடிய போராட்டம் தொடங்கியது எனலாம்.

இரண்டாம் சனிக்கிழமைகள்

1991 ஜனவரியில் அமெரிக்க செனட் சபையில் ஜோசப் பைடன் முன்மொழிந்த ஒரு மசோதாவில், தகவல் தொடர்புச் சாதனங்களைச் செய்வோரும் நடத்துவோரும், சட்டம் அனுமதிக்குமிடத்து அரசாங்கம் உள்ளிருக்கும் பேச்சையும் எழுத்தையும் தெளிவாகப் பெறும்படி செய்து தர வேண்டும் என்னும் வாசகம் இடம்பெற்றது. அது சட்டமாகவில்லை, எனினும் கொலராடோ மாகாணத்தில் பில் சிம்மர்மன் என்னும் நிரலாளர், அது சட்டமாகிவிடுமோ என்று அஞ்சி, வீட்டுக் கடன் தவணைகளைக் கட்டத் தவறியும் இரவு பகலாக உழைத்து, சாதாரண மனிதரும் தம் வீட்டுக் கணினியில் பயன்படுத்தத்தக்க பி.ஜி.பி. என்ற மறையாக்க நிரலை எழுதி, ஜூன் மாதத்தில் எல்லோருக்கும் இலவசமாக வெளியிட்டார். அது கடல் கடந்து பரவியதும், உரிமமின்றி ஆயுதம் ஏற்றுமதி செய்தாரா என்று அவர்மீது 1993-இல் குற்ற விசாரணை தொடங்கியது. அக்காலத்து அமெரிக்கச் சட்டத்தில் வலிய மறையாக்கம் பீரங்கி, டாங்கி முதலியவற்றோடு ஒரே யுத்த தளவாடப் பட்டியலில் வைக்கப்பட்டிருந்தது. மூன்று ஆண்டுகள் அவரை வாட்டிய விசாரணை, 1996 ஜனவரியில் வழக்கு ஏதும் தொடுக்கப்படாமலேயே கைவிடப்பட்டது.

இத்தகைய சூழ்நிலையில்தான் ஓக்லந்து வீட்டுக் கூட்டம் நடந்தது. ஜூட் மில்ஹன் என்னும் பெண்மணி விளையாட்டாகச் சூட்டிய சைபர்பங்க் என்ற பெயர் அக்குழுவுக்கு நிலைத்துவிட்டது. அதன்பின் மாதந்தோறும் இரண்டாம் சனிக்கிழமையன்று, கில்மோர் கூட்டாளியாயிருந்து நிறுவிய சிக்னஸ் நிறுவனத்தின் மௌன்டன் வியூ அலுவலகத்தில் அவர்கள் கூடினார்கள். பாஸ்டன், வாஷிங்டன், லண்டன் முதலிய நகரங்களிலும் அவ்வாறே சிறு குழுக்கள் தோன்றின. கோரிக்கை மனு எழுதுவதோடு நில்லாமல், தடை வரும் முன்னரே கருவியைச் செய்து மக்கள் கையில் சேர்த்துவிட வேண்டும் என்பதே ஹியூஸ் 1993 மார்ச்சில் எழுதிய பிரகடனத்தின் சாரம்.

அக்கூட்டங்களில் நடந்த ஒரு காரியத்தை நாம் அருகிலிருந்து பார்க்க வேண்டும். திறந்த பூட்டை ஊரெங்கும் கொடுத்துவைக்கும் அம்முறையில், அதாவது பொதுச்சாவி முறையில், ஒரு பெரிய ஐயம் உண்டு: இன்னாருடைய பூட்டு என்று நமக்கு வந்து சேர்ந்தது மெய்யாகவே அவருடையதுதானா, இடையில் எவனாவது தன் பூட்டை அவர் பெயரில் மாற்றி வைத்துவிட்டானா என்பதே அது. இதைத் தீர்க்க, வந்தவர் ஒவ்வொருவரும் தம் பூட்டின் கைரேகை எனப்படும் 32 எழுத்தும் எண்ணும் கலந்த தொடரை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொண்டுவருவார். ஒருவர் நின்று அதை இரண்டிரண்டாக உரக்க வாசிப்பார். மற்றவர் தம் கையிலுள்ள பிரதியில் விரல் வைத்து ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பார். பிறகு அடையாள அட்டையையும் முகத்தையும் ஒப்பிட்டு நோக்கி, காகிதத்தில் ஒரு குறியிடுவார். வீட்டுக்குப் போனபின், இது இன்னாருடைய பூட்டே என்று தம் சாவியால் ஒப்பமிட்டு அனுப்புவார். நம் ஊரில் கிரயப் பத்திரத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போடும் வழக்கத்துக்கும் இதற்கும் சாராம்சத்தில் வேறுபாடில்லை. கணிதம் பூட்டைத் தரும். அது யாருடைய பூட்டு என்பதற்கு மனிதன்தான் சாட்சி சொல்ல வேண்டும். ஆகவே நேரில் கூடுவதென்பது அவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு முறையின் ஓர் அங்கமாகவே இருந்தது. அந்தரங்கத்தைக் காக்கும் கலை, முகம் பார்த்துப் பழகும் சிநேகத்தை ஆதாரமாகக் கொண்டது என்னும் இவ்வுண்மையை, அக்கலையைத் தனித்து வாழ்வோரின் மோகம் என்று கருதுபவர்கள் கவனிக்க வேண்டும்.

அவர்களுடைய கொள்கை முழுவதையும் நாம் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. டிமதி மே அரசு என்னும் ஸ்தாபனமே கரைந்துபோகும் காலத்தை வரவேற்றவர். தாம் போற்றிய முகமற்ற சந்தைகளில் திருட்டுப் பொருளும் விலைபோகும் என்பதை அறிந்தும் பொருட்படுத்தாதவர். வரி செலுத்தி, பள்ளியும் ஆஸ்பத்திரியும் நீதிமன்றமும் நடத்தும் சமூகத்தில் நம்பிக்கையுள்ள எவரும் அதை ஏற்க இயலாது. ஆனால் அக்கூட்டத்தில் பலரும் அவ்வளவு தூரம் போனவர்கள் அல்லர். தம் கடிதத்தைத் தாம் பூட்டிக்கொள்ளும் உரிமை ஒன்றையே வேண்டினார்கள்.

கிளிப்பர் என்னும் சில்லு

1993 ஏப்ரல் 16 அன்று கிளின்டன் அரசாங்கம் கிளிப்பர் என்னும் சில்லை அறிவித்தது. தொலைபேசிகளில் பொருத்தப்படும் அச்சில்லு, 80 பிட் நீளமுள்ள சாவியைக் கொண்டு பேச்சை மறைத்துத் தரும். ஆனால் ஒவ்வொரு சில்லுக்கும் உரிய சாவி இரு கூறாகப் பிளக்கப்பட்டு, ஒரு கூறு தர நிர்ணய ஸ்தாபனத்திடமும் மறு கூறு நிதி இலாகாவிடமும் அடைக்கலமாக இருக்கும். நீதிமன்ற அனுமதி பெற்ற அதிகாரி இரண்டையும் வாங்கி இணைத்துப் பேச்சைக் கேட்கலாம். சில்லின் உள்ளே இயங்கும் கணித முறையோ ரகசியம். அது பலமானது என்பதை அரசாங்கத்தின் வாக்கை நம்பியே ஏற்க வேண்டும்.

சைபர்பங்க் கூட்டத்தாரும், குடியுரிமைச் சங்கங்களும், கணினி வியாபாரிகளும் ஒருசேர இதை எதிர்த்தார்கள். நாற்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் எதிர்ப்பு மனுவில் ஒப்பமிட்டார்கள். 1994-இல் டைம் சஞ்சிகையும் சி.என்.என். நிறுவனமும் நடத்திய அபிப்பிராயக் கணிப்பில் நூற்றுக்கு எண்பது பேர் அதை வேண்டாமென்றார்கள். அவ்வாண்டிலேயே பெல் ஆராய்ச்சிசாலையின் மேட் பிளேஸ், சில்லின் அரசாங்க வாசலைக் காத்த சரிபார்ப்பு எண் 16 பிட் மட்டுமே என்பதைக் கண்டறிந்து, 65,536 சாத்தியங்களைச் சோதித்துப் பொருந்துவதைக் கண்டுபிடித்துவிட்டால், அரசாங்கத்தின் காதை அடைத்துவிட்டு அதே சில்லைக் கொண்டே ரகசியம் பேசலாம் என்று நிரூபித்தார். குற்றவாளியைக் கேட்பதற்காகச் செய்த கருவி, கெட்டிக்காரக் குற்றவாளியிடம் மட்டும் பயனற்றதாகும் என்பது வெளிப்பட்டது. இரண்டொரு ஆண்டுகளில் கிளிப்பர் கைவிடப்பட்டது.

காகிதமும் தட்டும்

ஏற்றுமதித் தடையை எதிர்த்த போராட்டம் நீதிமன்றங்களில் நடந்தது. புரூஸ் ஷ்னையர் எழுதிய மறையாக்க நூலொன்றை அயல்நாட்டுக்கு அனுப்பலாமா என்று பில் கார்ன் என்னும் பொறியாளர் அரசாங்கத்தைக் கேட்டபோது, தாராளமாக அனுப்பலாம் என்று பதில் வந்தது. அந்நூலில் அச்சாகியிருந்த அதே நிரல்களை ஒரு கணினித் தட்டில் பதிந்து அனுப்பலாமா என்று கேட்டபோது, அது யுத்த தளவாடம், கூடாது என்று பதில் வந்தது. சிம்மர்மனும் தம் நிரல் முழுவதையும் 1995-இல் எம்.ஐ.டி. அச்சகத்தின் வழியே ஒரு புத்தகமாக அச்சிட்டு வெளியிட்டார்; பின்னர் வந்த ஒரு பதிப்பின் பக்கங்களை ஐரோப்பாவில் அன்பர்கள் ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்து, பிழை திருத்தி, மீண்டும் நிரலாக்கினார்கள்.

பெர்க்லி மாணவர் டேனியல் பெர்ன்ஸ்டீன், தாம் எழுதிய சிறு நிரலை வெளியிட அரசாங்க அனுமதி வேண்டும் என்றதை எதிர்த்து 1995-இல் தொடுத்த வழக்கில், நிரல் எழுத்தும் பேச்சே, அது அரசியல் சாசனத்தின் பாதுகாப்புக்கு உரியது என்று நீதிபதி மர்லின் ஹால் படேல் 1996 ஏப்ரலில் தீர்ப்பளித்தார். 1999 மே மாதத்தில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை ஆதரித்தது. அத்தீர்ப்பு மறுவிசாரணைக்காக விலக்கி வைக்கப்பட்டபோதிலும், 2000 ஜனவரியில் அரசாங்கம் தானே ஏற்றுமதி விதிகளைப் பெரிதும் தளர்த்தியது.

தடையிருந்த காலத்தில் அயல்நாட்டாருக்கு அனுமதிக்கப்பட்ட 40 பிட் சாவி எத்தகையது என்பதை, 1997 ஜனவரியில் பெர்க்லி மாணவர் இயன் கோல்ட்பெர்க் 250 கணினிகளைக் கொண்டு மூன்றரை மணி நேரத்தில் உடைத்துக் காட்டினார். அரசாங்கமே தரமென்று ஏற்றிருந்த 56 பிட் முறையை, 1998-இல் கில்மோர் முன்னின்று கட்டிய, இரண்டரை லட்சம் டாலருக்கும் குறைவாகச் செலவான யந்திரம் 56 மணி நேரத்தில் உடைத்தது. இதன் பின்விளைவு ஒன்று மிகவும் கருதத்தக்கது. ஏற்றுமதிக்கென்று பலவீனமாக்கிய அப்பழைய முறைகள், தடை நீங்கிய பின்னும் மென்பொருள்களின் மூலையில் மறதியாகக் கிடந்து, 2015-இல் இலட்சக்கணக்கான வலைத்தளங்களை ஏமாற்றித் திறக்கும் வழியாக அமைந்தன. சட்டத்தை நீக்குவது ஒரு கையெழுத்தில் முடிந்துவிடும். சட்டத்துக்காகப் பூட்டில் செய்த ஓட்டை பதினைந்து ஆண்டு கழித்தும் திறந்தே இருக்கும்.

அரசு தரப்பு நியாயம்

இனி எதிர்த்தரப்பை நேர்மையாக நோக்குவோம். நீதிபதியின் உத்தரவு இருந்தால் எந்த வீட்டையும் சோதிக்கலாம், எந்தப் பெட்டியையும் திறக்கலாம் என்பது நாகரிக நாடுகள் யாவும் ஏற்ற விதி. அவ்வாறிருக்க, கைப்பேசி என்னும் ஒரு பெட்டி மட்டும் எந்த உத்தரவுக்கும் திறவாதென்றால், குழந்தையைக் கெடுத்தவனையும் கொலைக்குத் திட்டமிட்டவனையும் எப்படிப் பிடிப்பது என்று காவல்துறையினர் கேட்கிறார்கள். 2015 டிசம்பரில் கலிபோர்னியாவின் சான் பெர்னார்டினோவில் 14 பேரைச் சுட்டுக் கொன்றவர்களுள் ஒருவரின் கைப்பேசியைத் திறக்க, புதியதொரு மென்பொருளைச் செய்து தரும்படி ஆப்பிள் நிறுவனத்துக்கு 2016 பிப்ரவரியில் நீதிமன்றம் உத்தரவிட்டபோது, இறந்தவர்களின் குடும்பத்தாருள் சிலர் அரசின் பக்கம் நின்றார்கள். அவர்களுடைய துயரத்துக்கு முன்னால் கணிதம் பேசுவது எளிதன்று. இக்கேள்வியைக் கேட்பவர்களைக் கொடுங்கோலர் என்று ஏசுவது நியாயமும் அன்று.

எனினும் கேள்வி உருக்கமானது என்பதால் விடை மாறிவிடாது. நல்லவருக்கு மட்டும் திறக்கும் கொல்லைக் கதவு என்று ஒன்று இல்லை. கதவுக்கு ஆளின் குணம் தெரியாது. 2004-2005 ஆண்டுகளில் கிரீஸ் நாட்டில், சட்டபூர்வமாக ஒட்டுக்கேட்பதற்கென்று தொலைபேசி இணைப்பகத்தில் அமைந்திருந்த வசதியை யாரோ ரகசியமாக இயக்கி, பிரதம மந்திரி உட்பட நூற்றுக்கு மேற்பட்டோரின் பேச்சைப் பல மாதங்கள் கேட்டார்கள். 1994-ஆம் வருஷத்துச் சட்டப்படி அமெரிக்கத் தொலைபேசி நிறுவனங்கள் கட்டாயமாகப் பொருத்தியிருந்த ஒட்டுக்கேட்பு வசதிகளுக்குள்ளேயே சீன ஊடுருவிகள் புகுந்துவிட்டார்கள் என்று 2024-இல் தெரிய வந்தது. அவ்வாண்டு டிசம்பரில், பல ஆண்டுகளாக மறையாக்கத்தைக் குறைகூறி வந்த எஃப்.பி.ஐ.யின் அதிகாரிகளும் சேர்ந்தே, மறையாக்கம் உள்ள செயலிகளில் பேசுமாறு குடிமக்களுக்கு ஆலோசனை சொன்னார்கள். டிஃபியும் ரிவெஸ்டும் உள்ளிட்ட பதினைந்து வல்லுநர்கள் 2015-இல் வெளியிட்ட ஆராய்ச்சி, அரசுக்கென்று தனி வழி அமைப்பது எவ்வளவு திறமையோடு செய்தாலும் அனைவரையும் அபாயத்துக்கு உள்ளாக்கும் என்று முடிவு கூறியதை இச்சம்பவங்கள் மெய்ப்பித்தன. சான் பெர்னார்டினோ வழக்கோ, வேறொருவர் உதவியால் அந்த ஒரு கைப்பேசியைத் திறந்தாயிற்று என்று அரசாங்கமே மார்ச் மாதத்தில் திரும்பப் பெற்றுக்கொண்டது. எல்லாப் பூட்டுகளையும் பலவீனமாக்காமல் ஒரு பூட்டை மட்டும் திறக்கும் வழிகள் புலனாய்வுக்கு உண்டு என்பதற்கு அதுவே உதாரணம்.

குற்றமற்றவருக்கு மறைக்க என்ன இருக்கிறது என்று கேட்பாரும் உளர். மாட்டுச் சந்தையில் தரகர் தம் துண்டைக் கையின்மேல் போர்த்தி, அதன் அடியில் விற்பவரின் விரல்களைப் பிடித்து விலை பேசுவதை நாம் பார்த்திருக்கிறோம். நூறு பேர் சூழ நிற்கும் வெளியில் நடக்கும் அந்த ரகசியத்தை ஒருவரும் திருட்டு என்று நினைப்பதில்லை. நோயைப் பற்றி மருத்துவரிடமும், வழக்கைப் பற்றி வக்கீலிடமும், மனக்கசப்பைப் பற்றித் தாயிடமும் பேசுவன யாவும் துண்டுக்கடியில் பேசும் பேச்சே. மறைப்பு வேறு, குற்றம் வேறு.

மீண்டும் கூடியவர்கள்

2000-இல் முடிந்துவிட்டதாகத் தோன்றிய யுத்தம் மீண்டும் மூண்டபோது, மக்கள் மீண்டும் சிறு அறைகளில் கூடினார்கள். ஆஸ்திரேலியப் பார்லிமெண்டு 2012 ஆகஸ்டில் தகவல்களைச் சேமித்து வைக்கும் அதிகாரத்தை விரிவாக்கிச் சட்டம் இயற்றியதும், மெல்போர்னைச் சேர்ந்த ஆஷர் வுல்ஃப் என்னும் பெண்மணியின் தூண்டுதலால் கிரிப்டோபார்ட்டி என்னும் கூட்டங்கள் தோன்றின. இவற்றில் பேசியவர்கள் நிரலாளர்கள் மட்டுமல்லர். பத்திரிகையாளரும், ஆசிரியரும், கணினியைப் பற்றி அதிகம் அறியாதவரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, தெரிந்தவரிடம் தெரியாதவர் கேட்டுக் கற்றார்கள். சில வாரங்களுக்குள் அவ்வழக்கம் பல நாடுகளுக்கும் பரவியது. 2012 டிசம்பரில் ஹவாய் மாகாணத்தின் ஹொனலூலு நகரில் அத்தகைய கூட்டமொன்றை ஏற்பாடு செய்து, வன்தட்டை மறையாக்கம் செய்வது எப்படி என்று கற்பித்தவர், ஆறு மாதத்துக்குப் பின் உலகமெங்கும் பெயர் பரவிய எட்வர்ட் ஸ்னோடென். தேசியப் பாதுகாப்பு முகமையின் ஒட்டுக்கேட்பைப் பற்றி அவர் வெளிப்படுத்திய அளவைக் கண்டு உலகம் திடுக்கிட்டது. 2016 ஏப்ரலில் வாட்ஸப் நூறு கோடிக்கு மேற்பட்ட தன் பயனாளர்கள் யாவருக்கும் முனைக்கு முனை மறையாக்கத்தை அளித்தது. இருபது பேரின் ஒத்திகை கால் நூற்றாண்டுக்குள் மனித குலத்தின் பொதுச் சொத்தாயிற்று.

அரசாங்கங்களும் ஓயவில்லை. கணித விதிகள் மெச்சத்தக்கவையாயினும் ஆஸ்திரேலியாவில் ஆஸ்திரேலியச் சட்டமே செல்லும் என்னும் கருத்துப்பட 2017-இல் அந்நாட்டுப் பிரதம மந்திரி டர்ன்புல் பேசினார். 2018 டிசம்பரில் நிறுவனங்களைக் கட்டாயப்படுத்தும் சட்டமும் வந்தது. ஐரோப்பிய யூனியனில் தனிச் செய்திகளைச் சோதிக்கும் யோசனை 2022 முதல் விவாதத்தில் இருக்கிறது. பிரிட்டனில் அரசின் ரகசிய உத்தரவைத் தொடர்ந்து 2025 பிப்ரவரியில் ஆப்பிள் நிறுவனம் தன் மிக வலிய சேமிப்பு மறையாக்கத்தை அந்நாட்டுப் பயனாளர்களுக்கு அளிப்பதை நிறுத்தியது.

சென்னை வரை வந்த வழக்கு

இவ்விவகாரம் நமக்கும் அந்நியமானதன்று. 2015 செப்டம்பரில் இந்திய அரசாங்கம் வெளியிட்ட மறையாக்கக் கொள்கை வரைவு, மறைத்து அனுப்பிய செய்திகளின் தெளிவான பிரதியை 90 நாட்கள் வைத்திருந்து கேட்டபோது காட்ட வேண்டும் என்றது. எங்கும் எதிர்ப்பு எழவே சில நாட்களுக்குள் திரும்பப் பெறப்பட்டது. 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமுகமாகத் தீர்ப்பளித்தார்கள். அடுத்த ஆண்டு சென்னை உயர்நீதிமன்றத்தில், சமூக ஊடகக் கணக்குகளோடு ஆதார் எண்ணை இணைக்கக் கோரி வந்த மனுக்கள், விசாரணையின் போக்கில், வாட்ஸப்பில் ஒரு செய்தியை முதலில் எழுதியவரைக் கண்டுபிடிக்க முடியுமா என்னும் கேள்வியாக மாறின. முடியும் என்று சென்னை ஐ.ஐ.டி.யின் பேராசிரியர் காமகோடி ஒரு முறையை முன்வைத்தார். அம்முறை பயன் தராது, அந்தரங்கத்துக்கும் கேடு என்று மும்பை ஐ.ஐ.டி.யின் பேராசிரியர் மனோஜ் பிரபாகரன் மறுத்தார். ஓக்லந்தில் உறைகளைக் கைமாற்றி எழுப்பிய அதே கேள்வி, எழுதியவர் யாரென்பதை வழியில் நிற்பவர் அறியலாமா என்பது, உயர்நீதிமன்ற வளாகத்துக்கே வந்துவிட்டது.

2019 அக்டோபரில் அவ்வழக்கு உச்சநீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டது. 2021 பிப்ரவரியில் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகள், பெரிய செய்திச் சேவைகள் முதலில் எழுதியவரை அடையாளம் காட்டியாக வேண்டும் என்று விதித்தன; வாட்ஸப் அதை எதிர்த்து டில்லி உயர்நீதிமன்றத்துக்குச் சென்றது. மறையாக்கத்தை உடைக்கச் சொன்னால் இந்நாட்டைவிட்டே போக நேரும் என்று அதன் வக்கீல் 2024 ஏப்ரலில் கூறினார். வழக்காடுவன ஓர் அந்நிய வியாபார நிறுவனமும் அரசாங்கமும். வழக்கிலுள்ள பொருளோ நம்முடைய பேச்சு. அதைக் குறித்து நாம் கூடிப் பேசியது மிகக் குறைவு.

முடிவு

இதுகாறும் கண்டவற்றிலிருந்து மூன்று முடிவுகள் தோன்றுகின்றன. பூட்டைப் பலவீனமாக்கும் ஒவ்வொரு திட்டமும், எத்தனை நல்ல எண்ணத்தோடு வந்தாலும், இறுதியில் குற்றவாளியைவிட நல்லவனையே அதிகம் காவலற்றவனாக்கியிருக்கிறது. அத்திட்டங்களின் குறைகளை வெளிப்படுத்தியவர்கள் பெரும்பாலும் மாணவர்களும், தனிப் பொறியாளர்களும், மாதம் ஒருமுறை கூடிய நண்பர்களுமே. வியாபார நிறுவனங்கள் தம் லாபம் இருக்கும் மட்டும் நம்மைக் காக்கும். ஆதலால் இவ்விஷயத்தை அறிந்த குடிமக்கள் ஒவ்வோர் ஊரிலும் இருந்தாலன்றி இவ்வுரிமை நிலைக்காது.

நூலகத்தின் ஒரு மூலையோ, கல்லூரியின் ஒரு வகுப்பறையோ, ஒரு வீட்டுத் திண்ணையோ இதற்குப் போதும். எங்கே தொடங்குவது என்று கேட்பீர்களானால், அது உங்கள் கையிலேயே இருக்கிறது. உங்கள் கைப்பேசியின் வாட்ஸப்பில் நெருங்கிய ஒருவரின் பெயரைத் தொட்டு, அங்கே என்கிரிப்ஷன் என்றிருக்கும் இடத்தைத் திறந்தால், ஐந்தைந்தாகப் பிரித்த 60 இலக்கங்கள் தோன்றும். உங்கள் இருவர் பேச்சின் பூட்டுக்கு உரிய அடையாளம் அதுவே. அடுத்த முறை அவரைச் சந்திக்கும்போது, இருவரும் அருகருகே உட்கார்ந்து, ஒருவர் வாசிக்க மற்றவர் விரல் வைத்து அந்த 60 இலக்கங்களையும் சரிபாருங்கள்.